கிளாங்க்யுலர்: ஒளித்துச் செய்வதற்கு ஒரு மறந்துபோன சொல்

வாசகர் கேள்வி: பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலச் சமய நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். இச்சைகளை அடக்குவது பற்றிய ஒரு வாக்கியத்தில் 'கிளாங்க்யுலர் எய்ட்ஸ்' என்று வருகிறது. என்னிடமுள்ள அகராதியில் அந்தச் சொல் இல்லை. கணினியோ அடியில் சிவப்புக் கோடு போட்டு, 'கிளாவிக்யுலர்' என்று திருத்தச் சொல்கிறது. முதலில் 'கள்ள உதவி' என்று எழுதினேன், பிறகு 'ரகசிய உதவி' என்று மாற்றினேன். இரண்டுமே உறுத்துகின்றன. இதன் சரியான பொருள் என்ன? எப்படி உச்சரிப்பது? 'கிளான்டெஸ்டைன்' என்று எழுதி அலுத்துவிட்டது. அதற்குப் பதிலாக இதை என் ஆங்கிலக் கட்டுரைகளில் எழுதலாமா?

பதில்: கணினி சொன்னதைத் தயவுசெய்து ஏற்க வேண்டாம். கிளாவிக்யுலர் என்றால் காறை எலும்பு சார்ந்தது. உங்கள் ஆசிரியர் இச்சையைப் பற்றி எழுதுகிறார், எலும்பைப் பற்றி அல்ல. நூலில் இருப்பது சரியான சொல்தான்: சி, எல், ஏ, என், சி, யு, எல், ஏ, ஆர் என்று 9 எழுத்து. அழுத்தம் முதல் அசையில். 'பேங்க்' என்று சொல்லும்போது வரும் அதே 'ங்க்' ஒலிதான் நடுவில் வருகிறது. 'சங்கு' போல மென்மையாக்கிவிடக் கூடாது.

பொருள்: ஒளித்துச் செய்யப்பட்ட, மறைவாக நடத்தப்பட்ட. கிளான்டெஸ்டைன் என்பதற்கு உடன்பிறப்பு. இரண்டும் லத்தீனில் 'கிளாம்' என்ற ஒரே வினையடையிலிருந்து வந்தவை. 'தெரியாமல், மறைவாக' என்பது அதன் பொருள். கிளாம் நீண்டு 'கிளாங்குலும்' ஆகி, அதிலிருந்து 'கிளாங்குலாரியுஸ்' என்ற பெயரடை பிறந்தது. அதன் வாலை வெட்டி ஆங்கிலத்தார் எடுத்துக்கொண்டதே உங்கள் சொல். இன்னும் ஆழத்தில், மூடுதல் என்று பொருள்படும் வேரொன்று இருக்கிறது. கன்சீல் (மறைத்தல்), செல் (சிற்றறை), அக்கல்ட் (மறைபொருளான) ஆகிய சொற்களும் அந்த வேரின் கிளைகள்தாம். தொடக்கத்தில் 'கிளான்' என்ற ஒலி வருவதால் குலம், கூட்டம் என்ற பொருள் இருக்குமோ என்று சிலர் தடுமாறுவதுண்டு. குலத்தைக் குறிக்கும் 'கிளான்' கேலிக் மொழியில் பிள்ளைகள் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. இதற்கும் அதற்கும் உறவே இல்லை.

இச்சொல்லின் குணத்தைத் தெரிந்துகொள்ள லத்தீன் கவிஞர் மார்ஷியல் நல்ல சாட்சி. அவருடைய பத்தாம் தொகுதியின் மூன்றாம் கவிதையில் 'கிளாங்குலாரியுஸ்' என்று ஒரு கவிஞனைத் திட்டுகிறார். அவன் செய்த குற்றம் ஆபாசமான வசைக் கவிதைகளை எழுதி, அவை மார்ஷியல் எழுதியவை போல் ஊரில் பரவவிட்டது. மறைந்து நிற்பவன், முகம் காட்டாதவன், அந்த மறைவில் நின்று அசிங்கம் செய்பவன். ஆக, தொடக்கத்திலிருந்தே இது நடுநிலையான சொல் இல்லை. 'ரகசிய உதவி' உங்களுக்கு உறுத்தியதற்குக் காரணம் இதுதான்: ரகசியம் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். கிளாங்க்யுலர் என்றால் ஆட்சேபம் வரும் என்று தெரிந்தே ஒளிப்பது.

உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். நீங்கள் குறிப்பிடும் வாக்கியத்தையே சாமுவேல் ஜான்சன் 1755ல் வெளியிட்ட தம் அகராதியில் இச்சொல்லுக்கு எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறார். அதனால் பொருளில் ஐயப்பட வேண்டியதில்லை. வாக்கியத்தின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். இச்சைகளுக்குப் போகும் 'சப்ளைஸ்' எல்லாவற்றையும் நிறுத்துவோம். 'சீக்ரெட்' ஆக ஒதுக்கிவைத்த பாசத்தால் அவற்றுக்கு 'கிளாங்க்யுலர்' உதவி தந்து, அவற்றின் 'ரிபெல்லியன்' தொடரச் செய்ய வேண்டாம் என்கிறார் ஆசிரியர். இது முற்றுகைக் காட்சி. இச்சைகள் கோட்டைக்குள் புகுந்துகொண்ட கலகக்காரர்கள். வெளியிலிருந்து போகும் உணவையும் தளவாடத்தையும் அரசன் தடுத்துவிட்டான். ஆனால் அரசன் பக்கத்திலேயே கலகக்காரர்கள்மேல் பாசமுள்ள ஒருவன் இருந்துகொண்டு, இரவில் மதில்மேல் கூடை ஏற்றிவிடுகிறான். அந்தக் கூடைதான் கிளாங்க்யுலர் எய்ட்ஸ். அரசனும் நாமே, கூடை ஏற்றுபவனும் நாமே என்பதுதான் அந்த வாக்கியத்தின் கூர்மை.

இதே வாக்கியத்தில் 'சீக்ரெட்' முன்னமே வந்துவிட்டதையும் கவனியுங்கள். பாசத்துக்கு ஒரு சொல், உதவிக்கு வேறொரு சொல் என்று ஆசிரியர் பிரித்தே வைத்திருக்கிறார். நீங்கள் இரண்டு இடத்திலும் 'ரகசிய' என்று போட்டால் அந்தப் படிநிலை தட்டையாகிவிடும். உள்ளே இருப்பது உணர்ச்சி, அது வெறுமனே மறைந்திருக்கிறது. வெளியே நடப்பது செயல், அது திருட்டுத்தனமானது.

இனி 'கள்ள உதவி'. பொருளில் பக்கத்தில்தான் வந்தீர்கள், வடிவம்தான் காலை வாரிவிட்டது. தமிழில் 'கள்ள' என்பது ஒரு பெயர்ச்சொல்லின் முன்னால் நேராக ஒட்டினால், பல இடங்களில் 'போலி' என்ற பொருள் முந்திக்கொள்ளும். கள்ள நோட்டு என்றால் ஒளித்துவைத்த நோட்டு என்று யாரும் நினைப்பதில்லை. கள்ளக் கையெழுத்தும் கள்ள ஓட்டும் அப்படியே. அதனால் 'கள்ள உதவி' என்று படிப்பவர், உதவி செய்வதுபோல் பாசாங்கு செய்தார்கள் என்று எடுத்துக்கொள்வார். நூலிலோ உதவி உண்மையானது, அது போன வழிதான் கள்ளம். பெயரடையை வினையடையாக மாற்றினால் சிக்கல் தீரும்: 'கள்ளத்தனமாக உதவுவது', 'திருட்டுத்தனமாகத் தருவது'.

'மறைமுக உதவி' என்று எழுதலாமே என்று தோன்றியிருக்கும். வேண்டாம். அந்தச் சொல்லை மறைமுக வரி எடுத்துக்கொண்டுபோய் வெகுகாலம் ஆயிற்று; இன்றைக்கு அதற்கு நேராக அல்லாத, சுற்றுவழியான என்றுதான் பொருள். 'திரைமறைவு' அரசியல் செய்தியின் வாடை அடிக்கும். 'பூடகம்', 'சூசகம்' இரண்டும் பேச்சில் பொருளை மறைப்பது, செயலை மறைப்பது அல்ல. பழைய சொல்லுக்குப் பழைய சொல்லே வேண்டும் என்றால் 'கரவு' இருக்கிறது. ஒளித்தலும் வஞ்சகமும் ஒன்றாகக் கலந்த சொல், மிக நெருக்கமான இணை. ஆனால் ஒரு நூலில் ஓரிடத்தில் வந்தால் அழகு, பத்திடத்தில் வந்தால் வாசகர் நூலை மூடிவிடுவார். என் தேர்வு இப்படி:

"நம் இச்சைகளுக்குப் போகும் உணவையும் தளவாடத்தையும் அடியோடு நிறுத்துவோம். உள்ளூர ஒதுக்கிவைத்த ரகசியப் பாசத்தால் அவற்றுக்குக் கள்ளத்தனமாக உதவி அனுப்பி, அவற்றின் கலகத்தை நாமே நீட்டிக்க வேண்டாம்."

'இச்சைகளுக்குத் தீனி போடுவது' என்பது நல்ல தமிழ் வழக்குதான், கை அதை நோக்கித்தான் போகும். அதைப் போட்டால் முற்றுகை மறைந்து மாட்டுத்தொழுவம் வந்துவிடும். அதனால் ஒதுக்கினேன்.

இதே சொல் வரும் இன்னோர் இடத்தையும் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் அது எதிர்ச்சொல்லோடு வருகிறது. ஐசக் பாரோ கேம்பிரிட்ஜில் லூக்காசியன் கணிதப் பேராசிரியராக இருந்தவர், 1669ல் அந்த இடத்தைவிட்டு விலகியபோது நியூட்டன் அதற்கு வந்தார். பாரோ சமயச் சொற்பொழிவாளரும்கூட. அவருடைய தொடர் ஒன்றை வெப்ஸ்டர் அகராதியின் 1913 பதிப்பு மேற்கோள் காட்டுகிறது: 'நாட் குளோஸ் அண்ட் கிளாங்க்யுலர், பட் ஃபிராங்க் அண்ட் ஓப்பன்'. நான்கு பெயரடைகள், இரண்டு சோடிகள். குளோஸ் என்பது இங்கே 'அருகில்' இல்லை, 'வாய் திறக்காத, அடைத்துவைத்த' என்ற பழைய பொருள். அதற்கு எதிர் ஃபிராங்க், மனம் திறந்த. கிளாங்க்யுலருக்கு எதிர் ஓப்பன், வெளிப்படையான. அரிய சொல் ஒன்று அகராதியில் சிக்காதபோது அதன் பக்கத்தில் நிற்கும் சோடியையும் எதிரில் நிற்கும் சொல்லையும் பாருங்கள். பாதி வேலை முடிந்துவிடும். இதைத் தமிழாக்கும்போது இன்னொரு வசதியும் இருக்கிறது: பாரோவின் முதல் சோடி 'க்ள' என்ற ஒரே ஒலியில் தொடங்குகிறது, நம்மிடம் 'மூடி மறைத்து' என்ற தொடர் மோனையோடு தயாராக நிற்கிறது. 'மூடி மறைத்து அல்ல, மனம் விட்டு, வெளிப்படையாக.' இவ்வளவு லேசாக ஒரு தொடர் இறங்குவது அபூர்வம், விட்டுவிடக் கூடாது.

அகராதிகளில் தேடும்போது இரண்டு குறிகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'ரேர்' என்றால் இன்றும் எங்கோ யாரோ எழுதுகிறார்கள். 'ஆப்ஸ்' என்றால் வழக்கொழிந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதியில் தலைச்சொல்லுக்கு முன் குறுவாள் போன்ற சிறு அடையாளம் இருந்தால் வழக்கொழிந்தது என்று அர்த்தம். கிளாங்க்யுலருக்கு வெப்ஸ்டர் 1913லேயே 'ஆப்ஸ்' குறி போட்டுவிட்டது. 'லி' சேர்ந்த வினையடைக்கும் அதே கதிதான்.

பழைய நூல்களின் ஸ்கேன் பிரதியில் தேடுகிறீர்கள் என்றால் ஒரு தொல்லை காத்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஆங்கில அச்சில் சொல்லின் நடுவிலும் முதலிலும் வரும் 'எஸ்' நீண்ட வடிவில் இருந்தது, பார்வைக்கு 'எஃப்' போலவே இருக்கும். எழுத்தை உணரும் மென்பொருள் அதை எஃப் என்றே படித்து வைத்திருக்கும். அதனால் கிளான்டெஸ்டைன் பல நூல்களில் 'கிளான்டெஃப்டைன்' ஆகக் கிடக்கிறது, சீக்ரெட் 'ஃபீக்ரெட்' ஆகிவிட்டது. ஒரு சொல் அந்தக் காலத்தில் புழங்கவே இல்லை என்று முடிவு கட்டுமுன் எஸ் இருக்கும் இடத்தில் எஃப் போட்டு ஒருமுறை தேடுங்கள். கிளாங்க்யுலரில் எஸ் இல்லாததால் இந்தத் தொல்லை அதற்கில்லை. ஆனால் மங்கிய அச்சில் இரண்டாவது 'சி'யை 'இ' என்று மென்பொருள் படித்துவிடலாம், பக்கத்தின் படத்தைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கிளான்டெஸ்டைனை எழுதி அலுத்துவிட்டது என்கிறீர்கள். அலுப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஒரே சொல்லை ஐந்து வேலைக்கு அனுப்புவதுதான். மறைவைச் சொல்லும் ஆங்கிலப் பெயரடைகள் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. யார் கண்ணிலிருந்து, எவ்வளவு நேரம், எதை மறைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பிரிகின்றன.

கிளான்டெஸ்டைன் ஓர் ஏற்பாட்டுக்குரிய சொல். கூட்டம், திருமணம், அச்சகம், வானொலி நிலையம் போன்றவற்றுக்கு முன்னால் வரும். தடையோ எதிர்ப்போ இருப்பதால் அது மறைவில் நடக்கிறது. ஒரு பார்வையைக் கிளான்டெஸ்டைன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பார்வைக்கு ஏற்பாடு தேவையில்லையே. ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் பிரான்ஸ் இருந்த 1940-44 காலத்தில் அச்சான தடைசெய்யப்பட்ட இதழ்களைக் கிளான்டெஸ்டைன் பிரஸ் என்பார்கள். தமிழில் 'தலைமறைவு இதழ்கள்' என்றால் சரியாக விழும், 'கள்ள இதழ்கள்' என்றால் போச்சு.

ஒரு எச்சரிக்கை. 'கிளான்டெஸ்டைன் மேரேஜ்' என்ற தொடர் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சட்டச் சொல். தேவாலயத்தில் மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசிக்காமலும் உரிமம் பெறாமலும் பாதிரியார் நடத்திவைத்த திருமணம் என்று அர்த்தம். லண்டனின் ஃப்ளீட் சிறையைச் சுற்றி இது பெரிய தொழிலாகவே நடந்தது. இதை ஒழிக்கத்தான் 1753ல் சட்டம் வந்தது, 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. மணமக்கள் அதை ஊரறியக் கொண்டாடியிருக்கவும் கூடும், குறை முறைமையில்தான். இதைக் 'கள்ளத் திருமணம்' என்றோ 'களவு மணம்' என்றோ தமிழாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதலாவது மணமக்களைக் கேவலப்படுத்துகிறது, இரண்டாவது அவர்களை அகத்திணைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. 'அறிவிப்பின்றி நடந்த திருமணம்' போதும்.

கோவர்ட் என்பது உளவுத்துறைக்காரர்களின் சொல், அவர்கள் இதைக் கிளான்டெஸ்டைனிலிருந்து கறாராகப் பிரிக்கிறார்கள். அமெரிக்க ராணுவக் கலைச்சொல் வழக்கில், செயலே வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்றால் கிளான்டெஸ்டைன். செயல் தெரிந்தாலும் பரவாயில்லை, ஏவியது யார் என்பது தெரியக் கூடாது என்றால் கோவர்ட். ஓர் அறையில் ஒட்டுக்கேட்கும் கருவியை வைத்துவிட்டு வந்தால் அது முதல் வகை. கருவி இருப்பது தெரிந்த நிமிடமே வேலை கெட்டுவிடும். ஒரு பாலம் வெடிக்கிறது, ஊரே பார்க்கிறது, எந்த நாடு செய்தது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அது இரண்டாம் வகை. செய்தித்தாள்களில் இரண்டையும் 'ரகசிய நடவடிக்கை' என்று ஒன்றாக்கிவிடுவது வழக்கம். தலைப்பில் பரவாயில்லை, புத்தகத்தில் பிரித்துத்தான் எழுத வேண்டும்.

சரெப்டிஷஸ் சின்ன வேலைக்கு. பிறர் முன்னாலேயே, அவர்கள் கவனிக்காதபடி செய்வது. கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு மேசைக்கடியில் கைபேசியைப் பார்ப்பது, பேச்சைத் தெரியாமல் பதிவு செய்வது. 'நைசாக' என்ற பேச்சுத்தமிழ்ச் சொல்லைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. எழுத்துநடைக்கு 'கண்ணில் படாமல்'. திருச்சபைச் சட்டத்தில் இதன் மூலச்சொல்லுக்கு இன்னும் நுட்பமான பொருள் இருந்தது: சொல்ல வேண்டிய உண்மையை விழுங்கிவிட்டுச் சலுகை வாங்குவது. பொய் சொல்லி வாங்கினால் அதற்கு வேறு சொல். அந்த நுட்பமெல்லாம் இன்றைய ஆங்கிலத்தில் இல்லை.

ஃபர்டிவ் செயலைவிடச் செய்பவரின் முகத்தைக் காட்டும் சொல். திருடனைக் குறிக்கும் லத்தீன் 'ஃபூர்' என்பதிலிருந்து வந்தது. அங்கும் இங்கும் பார்க்கும் கண், குற்ற உணர்வு, பிடிபட்டுவிடுவோமோ என்ற பதற்றம். நாமும் களவையும் பார்வையையும் ஒரே தொடரில் முடிந்து வைத்தவர்கள்தாம். 'கண்களவு கொள்ளும் சிறுநோக்கம்' என்று குறள் 1092ல் வருவதை ஃபர்டிவ் கிளான்ஸ் என்று பெயர்த்தால் பாதிதான் சரி. குறளில் களவு உண்டு, பதற்றம் இல்லை. ஆங்கிலச் சொல்லில் அழுக்கு ஒட்டியிருக்கிறது.

ஸ்டெல்தி என்றால் ஓசைப்படாத நகர்வு. பூனைக்குப் பொருந்தும், ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது. சீக்ரெடிவ் மனிதரின் சுபாவம். 'ஆள் ரொம்ப அழுத்தம்' என்கிறோமே, அதுதான். நல்லபடியாகவே ஒரு காரியத்தைச் சத்தமில்லாமல் முடித்தால் நம்மிடம் 'காதும் காதும் வைத்தாற்போல்' இருக்கிறது. அதைக் கிளான்டெஸ்டைனுக்கு மாற்றாகப் போட்டுவிடாதீர்கள், அதிலுள்ள பழிக்கும் தொனி போய்விடும்.

கடைசியாக, உங்கள் ஆங்கிலக் கட்டுரையில் கிளாங்க்யுலர். எழுத வேண்டாம் என்பதே என் யோசனை. படிப்பவரில் பலர் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள், மீதிப்பேர் ஆசிரியர் அகராதியைப் புரட்டியிருக்கிறார் என்று நினைப்பார்கள். இரண்டுமே உங்கள் வாதத்துக்கு உதவாது. விண்ணப்பம், ஒப்பந்தம், தேர்வு விடை எதிலும் கூடவே கூடாது. இரண்டே இடங்களில் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்று, 17ஆம் நூற்றாண்டுப் பாத்திரம் ஒன்றைப் பேசவிடும் கதை. மற்றொன்று, நீங்கள் மொழிபெயர்க்கும் நூலைப் பற்றியே ஆங்கிலத்தில் எழுதும்போது மேற்கோளுக்குள். கதையில் எழுதுவதானால் பெயர்ச்சொல்லின் முன்னால் வையுங்கள், எய்ட்ஸ், மீட்டிங்ஸ், டீலிங்ஸ் போன்ற செயல் சார்ந்த சொற்களோடு. மனிதருக்கு அடையாக வைத்தால் மார்ஷியலின் லத்தீனில் செல்லும், ஆங்கிலத்தில் இடறும்.

தமிழ்ப் பதிப்பில் அடிக்குறிப்பு தேவையா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்தச் சொல்லுக்காகத் தேவையில்லை. தமிழ் வாசகர் படிக்கப்போவது 'கள்ளத்தனமாக' என்பதைத்தான், அதில் அவருக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. குறிப்பு போடுவதென்றால் 'கலகம்' என்ற சொல்லுக்குப் போடுங்கள்: ஆசிரியர் முற்றுகைப் போரை உவமையாக வைத்துப் பேசுகிறார் என்று ஒரு வரி.